பதினேழாவது மீட்டர்

வெள்ளிக்கிழமை. காலை ஏழு பத்து. கல்கத்தாவில் டாக்குரியா ஏரிக்குப் பின்தெருவில் உள்ள அந்த வீட்டின் தரைத்தளத்தில் குரல் கேட்கவில்லை.

பதினொரு வருஷமாக ஒருநாள் தவறாமல் கேட்ட குரல் அது. ராகவேந்திரனுடையது. துர்காபூர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு. மனைவி இல்லை. மகன் அபினவ் கனடாவில். சமையலும் தன் கையால்தான். அரசாங்க உரிமம் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர். மேஜைமேல் ஒரு ரேடியோ, மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா, இரண்டையும் இணைக்க ஒரு கறுப்புக் கேபிள். காலை ஏழு பத்தானால் போர்ட் பிளேரில் இருக்கும் உத்தமனோடு அரைமணி நேரம் பேசுவார். மழை, மீன், முழங்கால் வலி. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

ஏழு இருபத்தைந்துக்கு ஜெயராம் கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினார். முதல் மாடிக்காரர். வீட்டுக் கமிட்டியின் செயலாளர்.

"என்ன ஓய், இன்னிக்கு அந்தமான் லீவா?"

"கேபிள் போயிடுத்து," என்றார் ராகவேந்திரன்.

ஜெயராம் எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவர் அல்ல. பத்து மணிக்கெல்லாம் தினேஷ்குமார் என்ற டெக்னீஷியனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தினேஷ்குமார் மொட்டைமாடிக்குப் போய், ஆன்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றி, தன் டெஸ்டரில் மாட்டினான். பத்து நாற்பதுக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான்: உள்ளே ஷார்ட், ஆன்டெனா முனையிலிருந்து 17.1 மீட்டர்.

டேப்பை எடுத்துக் கேபிளோடு அளந்துகொண்டே போனார்கள். மொட்டைமாடித் தரையில் பதினாலு மீட்டர். கைப்பிடிச் சுவர் தாண்டி வெளிச்சுவரில் கீழே மூன்று மீட்டர். டேப் போய் நின்ற இடம் இரண்டாம் மாடி ஜன்னல். கையை நீட்டினால் கேபிளைத் தொடலாம். கேபிளின் உறையில் ஒரு கீறலும் இருந்தது.

அந்த ஜன்னலுக்குள் குடியிருந்தவள் பூங்கோதை. நர்ஸ், வயது இருபத்தேழு. போன மாதம்தான், கீழ்வீட்டு ரேடியோ தன் ஸ்பீக்கரில் கத்துகிறது, தூங்க முடியவில்லை என்று ஜெயராமிடம் முறையிட்டிருந்தாள்.

பதினொன்றேகாலுக்கு அவள் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும்.

*

சனிக்கிழமை. முற்பகல் பதினொன்று இருபது. சாந்தினி சந்தை.

கல்பனா கடையின் பின்பக்கம், ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து கேபிள் முனைகளுக்கு கனெக்டர் மாட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமாக அதே ஸ்டூல். முன்னால் முதலாளி வங்காளத்தில் வியாபாரம் பேசுவார். பின்னால் இவள் பேசாமல் வேலை செய்வாள். சில நாள் சாயங்காலம் மெட்ரோவில் ஏறும்போது, இன்று யாரிடமாவது பேசினோமா என்று யோசித்துப் பார்ப்பாள். தமிழில் பேசிப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

"இது நீங்க எழுதினதா அக்கா?"

கல்பனா நிமிர்ந்தாள். நீல ஸ்வெட்டர், தூங்காத கண்கள். கையில் நீட்டிய போனில் ஒரு படம்: கேபிள் முனையில் சுருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் உறை, அதன்மேல் தேதி, நீளம், ஓரத்தில் சின்னதாக ஒரு 'க'.

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இந்தச் சந்தையில தமிழ் எழுத்து யாரு எழுதுவாங்கன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். ஒன்பதாவது கடை. என் பேரு பூங்கோதை. அப்பா கரக்பூர்ல ரயில்வே." அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "நான் அதைத் தொடவே இல்லக்கா. ஆனா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நேத்து மூணு எடத்துல ரூம் கேட்டேன். தனியா இருக்கற பொண்ணு, நைட் டியூட்டின்னதும் ஆள் வைக்கலைன்னுட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

அறையில் இன்னொரு ஸ்டூல் இல்லை. கல்பனா தன்னுடையதை அவளுக்குத் தள்ளினாள்.

"அந்தக் கீறல்?"

"என் துணிக்கொடிக் கம்பி உரசினது. மேல்தோல்தான். ரெண்டு வருஷமா இருக்கு."

"டெஸ்ட் பண்ணின சீட்டு இருக்கா?"

அதையும் படம் எடுத்து வைத்திருந்தாள். கல்பனா பெரிதாக்கிப் பார்த்தாள். 17.1 மீட்டர். அதன் கீழே பொடி எழுத்தில் இன்னோர் எண்: 0.66.

அவள் விரல் அங்கேயே நின்றது.

"இது என்னக்கா?"

"கேபிளுக்குள்ள அலை ஓடற வேகம்." கல்பனா மேஜையிலிருந்து இரண்டு துண்டுக் கேபிளை எடுத்தாள். இரண்டிலும் நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை, அதைச் சுற்றி வலை, மேலே கறுப்புத் தோல். "இந்த வெள்ளையை நகத்தால அழுத்திப் பாருங்க."

"கல்லு மாதிரி இருக்கு."

"இது?"

"பஞ்சு மாதிரி அமுங்குது."

"முதல்ல பார்த்தது கெட்டி பிளாஸ்டிக். அதுக்குள்ள அலை மெதுவாப் போகும். வெளிச்சத்தோட வேகத்துல நூத்துக்கு அறுபத்தாறு. ரெண்டாவது நுரை, பாதிக்கு மேல காத்து. அதுல எண்பத்தஞ்சு. டெஸ்டர் மீட்டரை அளக்கறதில்ல. ஒரு துடிப்பை அனுப்பும், அது பழுதுல முட்டித் திரும்ப எத்தனை நேரம் ஆச்சுன்னு பார்க்கும், நாம சொன்ன வேகத்தால பெருக்கும். வேகத்தைத் தப்பாச் சொன்னா இடமும் தப்பாத்தான் வரும்."

"அப்ப அந்தக் கேபிள்?"

"நுரை."

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு வருஷத்துக்கு முன் அந்தக் கேபிளை வாங்கிய பெரியவர் இதே அறை வாசலில் நின்று பேசினார். பதினாலு மெகாஹெர்ட்ஸ், இருபத்தாறு மீட்டர், ஐம்பது ஓம் என்று பிசிறில்லாமல் கேட்டார். அத்தனை குறைந்த அலைவரிசைக்கு மெல்லிய கேபிளே போதும் என்று இவள் சொன்னாள். கேபிள் எதுவானாலும் வழியில் கொஞ்சம் சக்தியைத் தின்னும். அலைவரிசை ஏற ஏற, நீளம் கூடக் கூட அதிகம் தின்னும். மெல்லியதில் கால் பங்கு போகும், இந்தத் தடித்த நுரைக் கேபிளில் பத்தில் ஒன்றுகூடப் போகாது. ஆனால் பதினாலு மெகாஹெர்ட்ஸில் அந்த வித்தியாசம் காதுக்கே தெரியாது என்றாள். 'தெரியாட்டாலும் பரவாயில்லைம்மா. அவன் தீவுலேர்ந்து பேசறான். என் பக்கத்துல ஒரு துளியும் சிந்தக்கூடாது' என்றார். போகும்போது வேக எண் என்ன என்று கேட்டு, எண்பத்தைந்து என்று அவள் சொன்னதும் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டார்.

குறித்துக்கொண்டவர்.

கல்பனா சீட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். தினேஷ்குமார் இந்தியில் பேசினான்.

"அறுபத்தாறுன்னு யார் சொன்னது?"

"கீழ்வீட்டு சார்தான். கேபிள் அவரோடது, அவருக்குத் தெரியாதா?"

"ரேடியோ முனையிலிருந்து அளக்கலையா?"

"மேஜையைத் தொடாதே, மாடியிலிருந்து பாருன்னுட்டார். ஏன் தீதி, ஏதாவது தப்பா?"

"இல்ல," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பூங்கோதை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஸ்பீக்கர்ல என்ன கேக்கும்? வார்த்தை புரியுமா?"

"வார்த்தையா! வாத்து கத்தற மாதிரி இருக்கும். டியூட்டி முடிச்சு வந்து படுத்தாக் கரெக்டா ஏழு பத்துக்கு ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் வாத்து, அப்புறம் ரொம்ப நேரம் சும்மா, மறுபடி வாத்து."

"அந்தச் சும்மா இருக்கற நேரம் எதிராளி பேசறது. அது உங்க ஸ்பீக்கருக்கு எட்டாது. கடைசிவரைக்கும் அப்படியேதான் இருந்துதா?"

பூங்கோதை யோசித்தாள். "இல்ல. கொஞ்ச நாளா வேற மாதிரி. ஒரு வாத்து, ரெண்டு நிமிஷம் சும்மா. திரும்ப அதே மாதிரி ஒரு வாத்து, ரெண்டு நிமிஷம் சும்மா. அரைமணி நேரம் இதேதான். தலையணையால காதைப் பொத்திக்கிட்டேன்."

"எந்த நாள்லேர்ந்து?"

"பாய் ஃபோட்டா அன்னிக்கு. எல்லா வீட்லயும் தங்கச்சிங்க அண்ணனுக்குப் பொட்டு வைக்கற நாள், அதான் ஞாபகம் இருக்கு. போன வாரம் வியாழன். அதுலேர்ந்து நேத்தைக்கு முந்தின நாள் வரைக்கும்."

எட்டுக் காலை. கல்பனா போனைத் திருப்பிக் கொடுத்தாள். 

"நாளைக்குக் கடை லீவு. மூணு மணிக்கு வரேன்," என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று பத்து.

காளிகாட்டில் மெட்ரோவிலிருந்து இறங்கி, இரண்டு ஆட்டோ மாறி, பூஜைப் பந்தல் பிரித்த மூங்கில்கள் தெருவோரம் கிடந்ததைத் தாண்டி, கல்பனா அந்த வீட்டுக்கு வந்தாள். தோளில் முதலாளியின் டெஸ்டர். முதலில் மொட்டைமாடிக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் இறங்கினாள்.

தரைத்தளத்துக் கதவைத் திறந்த ராகவேந்திரனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. கண் ஒரு கணம் விலகியது.

"நீ சாந்தினில கேபிள் பண்ற பொண்ணுதானே? உன்னை யாரு வரச்சொன்னா?"

"நான்தான் ஜேட்டு," என்றாள் பின்னால் நின்ற பூங்கோதை. தெருவே அவரை ஜேட்டு என்றுதான் கூப்பிடும். வங்காளத்தில் பெரியப்பா.

சத்தம் கேட்டு ஜெயராமும் வந்துவிட்டார். "இன்னொரு டெஸ்ட் எதுக்கு? அதான் ஆயாச்சே. கேபிளை மாத்திட்டாப் போறது. எங்காத்து டிவிக்கு வாங்கினது மிச்சம் இருக்கு, அதையே போட்டுடலாம்."

"அது எழுபத்தஞ்சு ஓம் சார். இந்த ரேடியோ ஐம்பதுக்குச் செஞ்சது. ரெண்டும் சேராத எடத்துல கொஞ்சம் அலை திரும்பி வரும்."

"சரி, சரி. பாடம் எடுக்காதே. உனக்கு என்ன வேணும்?"

"இந்த முனையிலேர்ந்து ஒருதரம் அளக்கணும்."

"மேஜையைத் தொடாதே," என்றார் ராகவேந்திரன் சட்டென்று.

"மேஜையைத் தொடலை சார். கேபிளை மட்டும்."

அறை சின்னது. ஒரே ஜன்னல். அதற்குக் கம்பி, கம்பிக்கு உள்பக்கம் கொசுவலை, வலைக்கு உள்ளே கனத்த திரை. சட்டத்தில் போட்ட துளை வழியாகக் கேபிள் உள்ளே வந்து, சுவரோரமாக ஓடி, எதிர்மூலையில் இருந்த மேஜைக்குப் போயிற்று. கல்பனா ரேடியோவின் பின்புறத்திலிருந்து அதைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினாள். வேக எண்ணில் வேண்டுமென்றே 0.66 என்று போட்டாள்.

மூன்று முப்பத்திரண்டு. திரையில் 3.1 என்று வந்தது.

"ஜெயராம் சார், நீங்களே எழுதிக்குங்க. மாடியிலேர்ந்து பழுது வரைக்கும் பதினேழு புள்ளி ஒண்ணு. இங்கேர்ந்து பழுது வரைக்கும் மூணு புள்ளி ஒண்ணு. கூட்டினா?"

"இருபது புள்ளி ரெண்டு."

"இப்ப இந்தத் தோல்மேல அச்சடிச்சிருக்கறதைப் படிங்க. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எண் இருக்கும்."

ஜெயராம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். "நூத்தி அம்பத்தேழு."

"மாடி முனையில நூத்தி முப்பத்தொண்ணு. பூங்கோதை இப்ப என்கூட வந்து பார்த்தாங்க. வேணும்னா நீங்களும் போய்ப் பாருங்க."

"அப்போ கேபிள் இருபத்தாறு மீட்டர்." ஜெயராம் நெற்றியைச் சுருக்கினார். "அதெப்படி? பழுதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்தா முழுக் கேபிள் வரணுமே. ஆறு மீட்டர் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை. வேகத்தைத் தப்பாச் சொன்னதால சுருங்கிப்போச்சு."

கல்பனா எண்ணை 0.85 என்று மாற்றினாள். திரை மாறியது. 4.0.

"இங்கேர்ந்து நாலு மீட்டர். மேலேர்ந்து வந்த பதினேழு புள்ளி ஒண்ணும் அதே கணக்குல இருபத்திரண்டு. கூட்டினா இருபத்தாறு, சரியா வருதா? நூத்தி முப்பத்தொண்ணோட இருபத்திரண்டு சேர்த்தா நூத்தி அம்பத்து மூணு."

அவள் கேபிளைத் தடவிக்கொண்டே சுவரோரமாக நடந்தாள். நூற்று ஐம்பத்தாறு. ஐம்பத்தைந்து. ஐம்பத்து நாலு. ஜன்னல் திரையை ஒதுக்கினாள். சட்டத்துக்கு ஒரு சாண் உள்ளே, 153 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அவள் கட்டைவிரல் நின்றது.

"பூங்கோதை, இங்க தொட்டுப் பாருங்க."

"ஏதோ நெருடுது."

"ஊசி. தலையை நறுக்கிட்டு, வெட்டின எடத்துல கறுப்பு மை தொட்டிருக்கு. வெளி வலையையும் நடுக்கம்பியையும் ஒண்ணாச் சேர்த்துடுச்சு. அப்புறம் ரேடியோ எதையும் கேக்காது, எதையும் அனுப்பாது."

ஜெயராம் ஜன்னலைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். வலையைப் பார்த்தார்.

"வெளியிலேர்ந்து கை வராதே."

"வராது."

"வேலைக்காரியும் கிடையாது. சாவி இவர்கிட்ட மட்டும்தான்..." அவர் ராகவேந்திரன் பக்கம் திரும்பினார். "ஓய்?"

ராகவேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். 

கல்பனாவுக்கு மூன்று பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லை. டெஸ்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஊசியைக் குத்தினவர் நீங்கதான் சார். எண்பத்தஞ்சுங்கற எண்ணை என்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டவர் நீங்க. டெக்னீஷியன்கிட்ட அறுபத்தாறுன்னு சொன்னீங்க. இந்த மேஜைப் பக்கம் அவனை விடலை. ரெண்டு முனையிலேர்ந்தும் அளந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"என்ன பைத்தியக்காரத்தனம்!" ஜெயராம் வெடித்தார். "தன் கேபிளைத் தானே ஒருத்தன் கெடுத்துப்பானா? இந்த மனுஷனுக்கு அதுதானேம்மா உசிரு!"

"அதனாலதான் சார். பூங்கோதையோட ஸ்பீக்கர்ல எட்டு நாளா ஒரே மாதிரிக் கேட்டிருக்கு. ஒரு வரி, ரெண்டு நிமிஷம் மௌனம். திரும்ப அதே வரி. பேசறவங்க அப்படிப் பேச மாட்டாங்க. கூப்பிடறவங்கதான் அப்படிக் கூப்பிடுவாங்க. பாய் ஃபோட்டா அன்னிலேர்ந்து உத்தமன் சார் பதில் சொல்லலை. கேபிள் போனது வெள்ளிக்கிழமைதான்."

அவள் இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். போன மழைக்காலத்தில், கோயம்புத்தூரிலிருந்து அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைப் போன் நின்றுபோனபோது, அவள் சிம்மைக் கழற்றி டிராயருக்குள் போட்டுவிட்டு, போன் கெட்டுவிட்டது என்று கடையில் சொன்னாள். நாற்பது நாள் அது கெட்டே இருந்தது. அதைச் சொல்லவில்லை. ஆனால் ராகவேந்திரன் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில், சொல்லாததும் அவருக்குக் கேட்டதுபோல் இருந்தது.

"கேபிள் சரியா இருந்து அவன் வரலேன்னா அதுக்கு ஒரு அர்த்தம்தான்," என்றார் மெதுவாக. "கேபிளே போயிடுத்துன்னா ஒரு அர்த்தமும் இல்லே. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எழுந்துண்டேன். இன்னொரு நாள் கூப்பிட்டுட்டு அந்த இரைச்சலைக் கேக்கத் தெம்பு இல்லே. ஜெயராம் வந்து கேட்டார், போயிடுத்துன்னேன். அதோட போயிடும்னு நினைச்சேன். இவர் ஆளைக் கூட்டிண்டு வந்து நிறுத்திட்டார்."

"பதினேழாவது மீட்டர் எங்க வரும்னு கணக்குப் போட்டீங்களா?" என்றாள் கல்பனா.

"வெறும் சுவர்ல வரும்னு போட்டேன். ஜன்னல்ல வரும்னு தெரியாது."

"தெரிஞ்சப்புறம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சு ரெண்டு நாளாச்சு ஜேட்டு." பூங்கோதையின் குரல் உயரவில்லை. "படியில நேத்து என்னைப் பார்த்தீங்க. அட்டைப்பெட்டி தூக்கிக்கிட்டுப் போனேன். ஒதுங்கி வழி விட்டீங்க. உங்களுக்கு அந்த அர்த்தம் வேணாம்னா எனக்கு வீடு இல்லாமப் போகணுமா?"

தெருவில் ஒரு சைக்கிள் ரிக்ஷா மணி அடித்துக்கொண்டே போயிற்று.

ராகவேந்திரன் எழுந்து நின்றார். மேஜையைப் பிடித்துக்கொண்டார். "ஜெயராம், பண்ணினது நான். சொல்லாம இருந்ததும் நான். ரெண்டாவது முதலாவதைவிட மோசம். கமிட்டியில இதை அப்படியே சொல்லும். இந்தப் பொண்ணு போகவேண்டியதில்லே. யாராவது போகணும்னா நான் போறேன்."

"யாரும் எங்கேயும் போகவேண்டாம்," என்றார் ஜெயராம். பூங்கோதையின் பக்கம் திரும்பினார். அவளைப் பார்க்கவில்லை, அவள் செருப்பைப் பார்த்தார். "நானும் அவசரப்பட்டுட்டேன்மா. காகிதத்தை எடுத்துடறேன்."

"எடுத்தாப் போதாது சார். ஒட்டினதை எல்லாரும் படிச்சாங்க. எடுத்ததுக்குக் காரணத்தையும் எழுதி அதே கதவுல ஒட்டுங்க. ஒரு வாரம் இருக்கட்டும்."

ஜெயராம் தலையசைத்தார்.  "சரி."

"நானே எழுதித் தரேன்," என்றார் ராகவேந்திரன்.

எழுதினார். நாலு வரி. ஜெயராம் அதை வாங்கிக்கொண்டு மேலே போனார்.

*

மாலை நாலு இருபது.

"அவர் நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்றாள் பூங்கோதை.

"இருக்கு. அவசரத்துக்குன்னு வாங்கிண்டது. ரேடியோ இருக்கறச்சே போன்ல பேசறது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஒருதரம்கூடப் பண்ணினதில்லே." அவர் கையைப் பிசைந்தார். "அவன் ஆத்துல வேற யாராவது எடுப்பா. எடுத்து ஒரே வார்த்தையில சொல்லிடுவா."

"கொடுங்க. வார்டுல இந்த மாதிரிப் போனெல்லாம் நான்தான் பண்ணுவேன்."

"என்மேல கோபம் இல்லையா உனக்கு?"

"இருக்கு. நம்பரைச் சொல்லுங்க."

ஐந்தாவது தடவை மணி அடித்தபோது ஒரு பெண்குரல் எடுத்தது. பூங்கோதை போனை மேஜைமேல் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி செய்தாள். தான் கல்கத்தாவிலிருந்து ஒரு ரேடியோ நண்பருக்காகப் பேசுவதாகச் சொன்னாள்.

எதிர்முனையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "கல்கத்தா சாரா? நான் ஜலஜா, உத்தமனோட பொண்ணு. ஐயோ, உங்களை எப்படித் தேடறதுன்னே தெரியலையே! அப்பாவுக்குப் பதினொரு நாள் முன்னாடி, புதன் ராத்திரி பக்கவாதம். நாலு நாள் ஆஸ்பத்திரி. உசிருக்குப் பயமில்லைன்னுட்டாங்க, ஆனா பேச்சு வரல. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். திங்கட்கிழமை காலைல ஏழு மணிக்கு ரேடியோவையே கையால காட்டிக்கிட்டிருந்தாரு. போட்டுவிட்டேன். சார் கூப்பிடறது நல்லாக் கேட்டுது. பதில் சொல்ல முடியாம அழுதாரு. ஆனா கேட்டாரு. நாலு நாளும் கேட்டாரு. வெள்ளிக்கிழமை ஏன் சார் நிறுத்திட்டீங்க? அன்னிலேர்ந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறாரு. சாப்பாடும் அங்கதான்."

ராகவேந்திரன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.  பூங்கோதை குவளையில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"இப்பவும் ரேடியோ முன்னாடிதான் இருக்காரா?" என்று கல்பனா போனை நோக்கிக் கேட்டாள்.

"இப்பவும்."

"முக்கால் மணி நேரம் கொடுங்க."

அவள் பையைத் திறந்தாள். ஊசி குத்திய இடத்தில் கேபிளை வெட்டியாக வேண்டும். "சார், ரெண்டு வழி இருக்கு. வெட்டின எடத்துல ரெண்டு கனெக்டர் போட்டு மிச்சத் துண்டைச் சேர்க்கலாம். இல்லைன்னா சேர்க்காம, ஜன்னல் வரைக்கும் வர்றதோட நிறுத்தலாம். அப்ப மேஜை ஜன்னலுக்கு வரணும்."

"ஜன்னலோரம் தெருச் சத்தம் கேக்கும்."

"கேக்கும்."

அவர் மூலையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "மேஜையை நகர்த்திடலாம்," என்றார்.

ஜெயராமை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் ஒரு பக்கம், பூங்கோதை ஒரு பக்கம். "என்ன ஓய், மேஜைக்குள்ள இரும்பாலையையே வச்சிருக்கீரா?" என்று ஜெயராம் முனகினார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் மேஜை நகர்ந்தது. கல்பனா தோலைச் சீவி, வலையைப் பின்னுக்குத் தள்ளி, வெள்ளை நுரையை நசுக்காமல் வெட்டி, நடுக்கம்பியில் கனெக்டரின் முள்ளை ஈயத்தால் ஒட்டி, கனெக்டரை முறுக்கினாள். டெஸ்டரில் ஷார்ட் மறைந்திருந்தது. ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கிவிட்டாள்.

ஐந்து ஐந்து. ராகவேந்திரன் ரேடியோவைப் போட்டார். மழை பெய்வதுபோல் இரைச்சல் வந்தது. மைக்கை எடுத்தார். தன் அழைப்புக் குறியைச் சொன்னார். உத்தமனுடையதைச் சொன்னார்.

"உத்தமா. நான்தான். மூணு நாள் நான் கூப்பிடலே. கேபிள் போகலே, நான்தான் கெடுத்தேன். பயந்துண்டு கெடுத்தேன். நீ அங்கே கேட்டுண்டு இருக்கேன்னு தெரியாது."

வழக்கம்போல் எதிராளிக்கு இடம் விட்டு நிறுத்தினார். இரைச்சல் மட்டும் வந்தது. அறையில் நாலு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேஜைமேல் இருந்த போனில் ஜலஜாவின் குரல் வந்தது. "சார், நிறுத்தாதீங்க. அப்பா கையை ஆட்டறாரு. பேசச் சொல்றாரு."

"சரி," என்றார் ராகவேந்திரன் மைக்கில்.  "இங்கே குளிர் ஆரம்பிச்சுடுத்து உத்தமா. மேஜையை ஜன்னலோரம் போட்டிருக்கேன். தெரு தெரியறது. இப்போ ஒருத்தன் மூங்கில் ஏத்திண்டு போறான், வண்டி கோணிண்டு போறது..."

பூங்கோதை சற்று நேரம் நின்று கேட்டாள். போனை அவர் பக்கத்திலேயே விட்டுவிட்டுக் கதவுக்கு வந்தாள்.

"நான் என் ரூமுக்குப் போறேன். பெட்டியில கட்டினதையெல்லாம் திரும்ப எடுத்து வைக்கணும்," என்றாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "அக்கா, நீங்களும் வாங்க. ஒரு ஸ்டூல்தான் இருக்கு, ஆனா கட்டில் இருக்கு. டீ போடறேன்."

கல்பனா டெஸ்டரைப் பையில் வைத்து மூடினாள். வெட்டியெடுத்த நாலு மீட்டர் கேபிளைச் சுருட்டிக் கையில் மாட்டிக்கொண்டு, அவள் பின்னால் படியேறினாள்.